அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும்

முப்பத்தெட்டு வயதில் நான் அரிசி திருடி மாட்டிக்கொண்டேன். சொந்த வீட்டில், சொந்த அரிசி டிரம்மில். உலை வைக்க இரண்டு டம்ளர் அளந்தால் அரை டம்ளர் என் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. புழுங்கலரிசிதான் வேண்டும், ரேஷன் அரிசி என்றால் இன்னும் விசேஷம், அந்த லேசான மக்கிய வாடையோடு கடைவாயில் வைத்து நறநறவென்று அரைக்கும்போது கிடைத்த திருப்தியை எந்தப் பிரியாணியும் எனக்குத் தந்ததில்லை. ஆபீஸுக்குக்கூடப் பழைய மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு எடுத்துப் போனேன். கீபோர்டு இடுக்கில் நாலு அரிசி கிடப்பதைப் பார்த்து பக்கத்து சீட் அக்கா, "இங்க எலி வருதா என்ன?" என்று கேட்டார். ஆமாங்க்கா என்று சொல்லிவிட்டேன்.

சின்ன வயதிலும் இந்தப் பழக்கம் இருந்தது. அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் நான் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வேன். "அரிசி தின்னாத கண்ணு, கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும்" என்பார். என் கல்யாணம் பங்குனியில் நடந்தது. மண்டபத்தில் கரண்ட் போய், வந்தவர்களெல்லாம் பத்திரிகையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பொட்டுத் தூறல் கிடையாது. அதோடு அம்மா சொன்னதில் நம்பிக்கை போய்விட்டது. அத்தை, அதாவது மாமியார், வேறு மாதிரி சொன்னார்: "அரிசி தின்னா ரத்தம் சுண்டிப் போயிரும் சாமி, சோகை புடிச்சுக்கும்."

அத்தை சொன்ன இரண்டு சமாச்சாரமும் சரி, வரிசைதான் தலைகீழ். அரிசி தின்றதால் எனக்குச் சோகை வரவில்லை, சோகை வந்ததால்தான் அரிசி தின்றுகொண்டிருந்தேன்.

இது தெரிந்ததே தற்செயல். நான் டாக்டரிடம் போனது முடி கொட்டுகிறது என்று. அவர் முடியைப் பார்க்கவே இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், அப்புறம் "அரிசி சாப்பிடுவீங்களா?" என்றார். மூணு வேளையும் சாதம்தான் டாக்டர் என்றேன். "சாதம் இல்லைங்க. வேகாத அரிசி." என் கணவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ஐஸ் கட்டி, சாம்பல், திருநீறு, சிலேட்டுக் குச்சி, இதுல ஏதாவது?" என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார், மளிகைக் கடையில் லிஸ்ட் படிப்பது போல. உடம்பில் இரும்பு குறையும்போது சிலருக்கு இப்படி ஒரு தவிப்பு வரும், பைக்கா என்று அதற்குப் பெயர், இரும்பு கொடுத்தால் பெரும்பாலும் தானாகப் போய்விடும் என்றார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஃபெரிட்டின், அதாவது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும் எண், 4. பதினைந்துக்குக் கீழ் என்றால் சேமிப்பு காலி என்று அர்த்தமாம். நான்கு என்றால் பானையைக் கவிழ்த்துத் தட்டிய நிலை.

சரி, இரும்புச் சத்து குறைவு, கீரை சாப்பிடணும், பேரீச்சம்பழம் சாப்பிடணும், அவ்வளவுதானே என்று நான் எழுந்திருக்கப் போனேன். உட்காருங்க என்று ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுத நினைத்தேன், ஏனென்றால் அதற்கு முன் யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை, இரண்டு பிள்ளை பெற்று நூற்றுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கிய பிறகும்.

வளர்ந்த ஒரு ஆளின் உடம்பில் மொத்தம் மூன்று நான்கு கிராம் இரும்புதான் இருக்கிறது. ஒரு ஆணி அடிக்கலாம், அவ்வளவே. அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களில், ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினில். மிச்சம் கல்லீரலில் சேமிப்பாக, தசையில், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் நொதிகளில். சிவப்பணு நூற்றிருபது நாள் வாழ்ந்து மண்ணீரலில் உடைபடும்போது அதிலுள்ள இரும்பைப் பிரித்தெடுத்துத் திரும்ப எலும்பு மஜ்ஜைக்கு அனுப்பிவிடும் உடம்பு. தினமும் இப்படி இருபது இருபத்தைந்து மில்லிகிராம் சுற்றிச் சுற்றி வருகிறது. பழைய நகையை உருக்கிப் புது நகை செய்வது மாதிரி, சேதாரம் ஒரு மில்லிகிராம்தான். அந்த ஒரு மில்லிகிராமைச் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

இதில் ரத்தம் வெளியே போனால்தான் கணக்கு உதைக்கிறது. ஒரு மில்லி ரத்தத்தில் கிட்டத்தட்ட அரை மில்லிகிராம் இரும்பு. மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகப்போக்கு என்கிறார்கள். 80 மில்லி என்றால் நாற்பது மில்லிகிராம் இரும்பு, முப்பது நாளுக்குப் பிரித்தால் தினம் ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் மேல். சாதாரணச் சேதாரத்தையும் சேர்த்தால் எனக்குத் தினமும் இரண்டேகால் மில்லிகிராமுக்கு மேல் உள்ளே வர வேண்டும். அரிசி, பருப்பு, காய், கீரை என்கிற நம் சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவது நூற்றுக்கு எட்டு வீதம் என்று வைத்துத்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கணக்குப் போடுகிறது. அதனால்தான் 2020இல் பெண்களுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆண்களுக்கு 19. நான் நன்றாகச் சாப்பிடுகிற நாளில் பதினைந்து தேறினால் அதிகம். அதில் எட்டு வீதம் ஒன்றே கால்கூட இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு மில்லிகிராம் துண்டு விழுகிறது. பெண்களின் சேமிப்பே மொத்தம் முந்நூறு மில்லிகிராம் போல. ஒரு வருஷத்தில் தீர்ந்துவிடும்.

"இப்ப சொல்லுங்க, எத்தனை நாள் போகும்? ஒரு நாளைக்கு எத்தனை பேட்? கட்டி கட்டியா போகுமா?" எட்டு நாள், ஏழெட்டு, ஆமாம் என்றேன். எல்லாருக்கும் அப்படித்தானே என்று வேறு கேட்டேன். ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் இரண்டு நார்த்திசுக் கட்டிகள்.

சாப்பாட்டு விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மாதுளை, பீட்ரூட், பேரீச்சை, இவையெல்லாம் ரத்தம் ஊறும் என்று நம்மூரில் பேர் வாங்கியதற்கு முக்கியக் காரணம் நிறம் என்றுதான் நினைக்கிறேன். நூறு கிராம் மாதுளையில் அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. ஆனால் பெரியவர்கள் ஒரு இடத்தில் பிரமாதமாகச் சொல்லியிருக்கிறார்கள்: சுவரொட்டி. பிள்ளை பெற்றவளுக்கும் வெளுத்துப்போன குழந்தைக்கும் ஆட்டுச் சுவரொட்டியை மிளகு போட்டு வதக்கித் தருவது சும்மா இல்லை. சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல், மேலே சொன்ன அந்தப் பழைய நகை உருக்கும் பட்டறை, ஈரலையும் மிஞ்சுகிற அளவுக்கு இரும்பு. கறியில் இருக்கும் இரும்பைக் குடல் கீரை இரும்பைவிட நன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆனாலும் 7.4இல் நிற்பவளுக்குச் சுவரொட்டி போதாது. ஹீமோகுளோபின் பள்ளத்தையும் நிரப்பி, காலியான சேமிப்பையும் நிரப்ப வேண்டுமென்றால் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மில்லிகிராம் இரும்பு ரத்தத்துக்குள் சேர வேண்டும். மாத்திரை வருவது அதற்காகத்தான். கர்ப்பிணிகளுக்கும் இதே கதை. ஒரு கர்ப்பத்துக்கே ஆயிரம் மில்லிகிராம் போல வேண்டியிருக்கும், குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் முந்நூறு, தாயின் ரத்தம் பெருகுவதற்கு ஐந்நூறு, மிச்சம் வழக்கமான சேதாரம். அதைச் சேமிப்பில் வைத்துக்கொண்டு கர்ப்பமாகிறவர்கள் நம்மூரில் எத்தனை பேர்?

மாத்திரையும் புதுச் சமாச்சாரம் இல்லை. பிரான்சில் பியர் பிளோ என்கிற மருத்துவர் வெளுத்துப்போன இளம்பெண்களுக்கு இரும்பு உருண்டை கொடுத்தது 1832இல். அதைச் செய்தது பெரஸ் சல்பேட் என்கிற இரும்பு உப்பை வைத்து. நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் போய் அன்னபேதி என்று கேளுங்கள், பச்சையாகக் கற்கண்டு போல ஒன்றைத் தருவார்கள், அதுவும் பெரஸ் சல்பேட்தான். சித்த வைத்தியத்தில் அன்னபேதிச் செந்தூரம் பாண்டு நோய்க்குக் கொடுக்கிறார்கள், பாண்டு என்பது வெளுப்பு. (இதைப் படித்துவிட்டு யாரும் அன்னபேதியை அப்படியே வாயில் போட்டுவிட வேண்டாம், வயிறு புண்ணாகிவிடும்.)

இந்த அன்னபேதியையும் கடுக்காயையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் கருப்பு மை தயாரித்தார்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கருத்துவிடும். டீயிலும் அதே மாதிரித் துவர்ப்பு இருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தோன்றியது. பால் விடாத டீயைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அரசாங்க இரும்பு மாத்திரை ஒன்றை அம்மியில் நுணுக்கி அதில் போட்டேன். தேன் நிறத்தில் இருந்த டீ அடியிலிருந்து சாம்பல் பூத்து, கலக்கியதும் மசிக்கூட்டில் விட்ட தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதமாகக் காலையில் மாத்திரையைப் போட்டு அதன் நாற்றம் போக மேலே ஒரு டம்ளர் டீ குடித்துக்கொண்டிருந்தேன், வயிற்றுக்குள் மை காய்ச்சிக்கொண்டு. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது பாதிக்கும் கீழே போய்விடுமாம், காபி அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் உதவாது. பால், கால்சியம் மாத்திரை, அல்சருக்குப் போடுகிற பான்டோபிரசோல் எல்லாமே தடைதான். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இரும்பு மாத்திரையை நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரையும் வீண். எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய் கூட வந்தால் நல்லது.

இன்னொன்று, இரட்டிப்பாகப் போட்டால் இரட்டிப்பாக ஏறும் என்று நான் காலை ஒன்று இரவு ஒன்று போட்டேன். ஏறவில்லை, மலச்சிக்கல்தான் ஏறியது. அந்தச் சேதாரம் போக, மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது, சிறுநீரிலும் வியர்வையிலும் போவது சொற்பம். எனவே உள்ளே விடுகிற இடத்திலேயே வாட்ச்மேன் போட்டிருக்கிறது. கல்லீரல் ஹெப்சிடின் என்றொரு ஹார்மோனைச் சுரக்கும், அது குடலின் கதவை இழுத்து மூடும். ஒரு மாத்திரை போட்டதுமே ஹெப்சிடின் ஏறி, ஒரு நாள் வரை இறங்காது, அதற்குள் போடுகிற அடுத்த மாத்திரை பெரும்பாலும் குடலிலேயே தங்கி வயிற்றை முறுக்கும். சூரிச்சில் இளம்பெண்களிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில் தினமும் போட்டவர்களைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்கள் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிக இரும்பை எடுத்துக்கொண்டார்கள். என் டாக்டரும் ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு மாற்றினார். காலண்டரில் ஒற்றைப்படைத் தேதிகள் மட்டும்.

மூன்றாவது வாரம் உலை வைக்கும்போது பழக்கதோஷத்தில் நாலு அரிசியை வாயில் போட்டேன். அரிசியாகத்தான் இருந்தது. துப்பிவிட்டேன்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். ஹீமோகுளோபின் 12.1 வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டேன், எட்டு மாதத்தில் மறுபடி டப்பாவில் அரிசி. ஹீமோகுளோபின் சரியான பிறகும் குறைந்தது மூன்று மாதம் போட வேண்டும், அப்போதுதான் சேமிப்பு நிரம்பும். அதைவிட முக்கியம், ஓட்டை அப்படியே இருக்கும்போது குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்து என்ன பயன்? கட்டியை எடுத்த பிறகுதான் நிலைத்தது.

இந்தச் சமயத்தில் இன்னொரு தொல்லையும் போயிற்று. ராத்திரி படுத்தால் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வது போல, காலை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் நிம்மதி. தூக்கம் கெட்டது எனக்கு மட்டுமில்லை. இதற்கும் மூளையில் டோபமின் என்கிற வேதிப்பொருள் தயாராக இரும்பு தேவைப்படுவதற்கும் தொடர்பு இருக்கிறதாம், ஃபெரிட்டின் 75க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகையே இல்லாவிட்டாலும் இரும்பு கொடுத்துப் பார்க்கிறார்கள். இரும்பு என்றால் ரத்தம் என்று மட்டும் நினைத்தவளுக்கு இது ஆச்சரியம்தான். இதயம் பலவீனமானவர்களுக்கும் கொடுக்கிறார்கள், ஆனால் மாத்திரையாக இல்லை, ரத்தக்குழாய் வழியாக. அமெரிக்காவில் 2017இல் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்து பலனில்லை என்று தெரிந்தது. நாள்பட்ட நோய், அழற்சி என்று வந்துவிட்டால் ஹெப்சிடின் ஏறியே இருக்கும், கதவு திறக்காது. என் பெரியம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், அவருக்கும் இரும்பு ஊசியாகத்தான் ஏறுகிறது, கூடவே சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசியும்.

அக்கா மகளுக்கு நேர்எதிர். எப்போது பார்த்தாலும் ஹீமோகுளோபின் பத்தரை, அணுக்கள் சின்னச் சின்னதாக, ஆகவே இரண்டு வருஷம் இரும்பு டானிக். ஃபெரிட்டின் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. கடைசியில் அவள் தலசீமியா கேரியர், அதாவது ஹீமோகுளோபின் சரியாகத் தயாராகாத பரம்பரைக் குறையைச் சுமப்பவள், இரும்பு தேவையே இல்லை. வெளியே தள்ள வழியில்லாத பொருளைக் காரணமில்லாமல் உள்ளே ஏற்றக் கூடாது. சின்னக் குழந்தைகள் கையில் இந்த மாத்திரை டப்பா கிடைத்தால் உயிருக்கே ஆபத்து, மிட்டாய் மாதிரி வேறு கலர் கலராக இருந்து தொலைக்கிறது.

அப்பா கதையைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு தினமும் ஆஸ்பிரின் போடுகிறவர், வயது எழுபது. ஆள் வெளுத்துக்கொண்டே வந்தார். மருந்துக்கடையில் கேட்டு இரும்பு டானிக் வாங்கிக் கொடுத்தது நான்தான், என் அனுபவத்தில் பெரிய டாக்டராகிவிட்டிருந்தேனே. "கருப்பா போகுது கண்ணு" என்று ஒருநாள் சொன்னார். இரும்பு சாப்பிட்டால் கருப்பாகத்தான் போகும் அப்பா, எனக்கும் அப்படித்தான் என்றேன். அது உண்மைதான். ஆனால் வயிற்றில் ரத்தம் கசிந்தாலும் மலம் கருப்பாகத்தான் போகும், தார் மாதிரி பிசுபிசுப்பாக, தனி நாற்றத்தோடு. ஐந்து மாதம் டானிக் குடித்தும் 8.2. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண், அங்கிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிவு. மாதவிடாய் இல்லாத உடம்பில், ஒரு ஆணுக்கோ வயதான பெண்ணுக்கோ இரும்பு குறைகிறதென்றால் முதலில் குடலைத்தான் சந்தேகப்பட வேண்டும், சில பேருக்குப் புற்றுநோய்கூட இப்படித்தான் தலைகாட்டும் என்று அந்த டாக்டர் சொன்னபோது நான் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. நல்லவேளை, அவருக்குப் புண்ணோடு போயிற்று. இப்போதும் அந்த டானிக்கைக் கேட்கிறார், ருசி பிடித்துவிட்டது.

1970இலிருந்து இந்த நாட்டில் இரும்பு மாத்திரை கொடுத்து வருகிறார்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53. மாத்திரை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, அது இல்லாவிட்டால் இன்னும் மோசமாக இருக்கும். ஆனால் கொடுக்கிற கையும் விழுங்குகிற வாயும் இரும்பு எங்கே போகிறது என்று கேட்பதே இல்லை.

போன வாரம் மகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் தேடினேன். உள்ளே நான்கு நீல மாத்திரைகள், பூச்சு உரிந்து பாதி வெள்ளையாக. பள்ளியில் வாரம் ஒன்று தருகிறார்கள், கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு, இவர்கள் வயதுக்கு நீலம், சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ். வாயில் போடுகிற மாதிரி போட்டு நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு அப்புறம் எடுத்துவிடுகிறாளாம், வயிறு புரட்டுகிறதாம். திட்ட வாயெடுத்தேன். அப்புறம் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகக் கேட்டேன், எத்தனை நாள் போகுது கண்ணு, ஒரு நாளைக்கு எத்தனை பேட்?

அரிசி டிரம்மின் மூடியை விரலால் தட்டிக்கொண்டே சொன்னாள், "ஒன்பது நாள்ம்மா. ஸ்கூல்ல ஒவ்வொரு பீரியடுக்கும் மாத்தணும். எல்லாருக்கும் அப்படித்தானே?"

சனிக்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்கிறேன்.